லிட்டருக்கு 28 கிலோமீட்டர்... ஹைபிரிட் கார் உங்கள் பணத்தைக் காப்பாற்றுமா?

சனிக்கிழமை மாலை. சென்னை ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் ஒரு கார் ஷோரூம். நடுக்கூடத்தில் நிற்கும் வெள்ளை நிற எஸ்.யூ.வி.யைச் சுற்றி ஒரு குடும்பம். டிரைவர் சீட்டில் மகன். பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருக்கிறார்.

“ஸ்டார்ட் ஆகலையே?”

“ஆயிடுச்சு சார். அந்தப் பச்சை லைட் எரியுது பாருங்க, ‘ரெடி’ன்னு. வண்டி ஓட ஆரம்பிச்சாலும் சத்தம் கேட்காது” என்கிறார் விற்பனைப் பிரதிநிதி. மகன் முகத்தில் மலர்ச்சி. கையிலிருக்கும் விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் ‘27.97’. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்!

பின்கதவைத் திறந்து டிக்கியைப் பார்த்த அம்மா, “பெட்டி வைக்க இடம் கம்மியா இருக்கே. பேட்டரி போயிடுச்சுன்னா எவ்வளவு ஆகும் தம்பி?” என்று கேட்கிறார். “எட்டு வருஷம் வாரன்டி மேடம், கவலையே படாதீங்க” என்று உடனே பதில் வருகிறது.

அதுவரை பேசாமலிருந்த அப்பா, பழைய காரின் சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, “ஆறு வருஷத்துல நாம ஓட்டுனது மொத்தமே ஐம்பத்தோராயிரம் கிலோமீட்டர்தானப்பா” என்கிறார்.

அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஹைபிரிட் கார் மிச்சமா, செலவா என்ற கேள்விக்கான விடை பெரும்பாலும் அந்த சர்வீஸ் புத்தகத்தில்தான் இருக்கிறது.

பெட்ரோல் சென்னையில் லிட்டர் 101 ரூபாயை ஒட்டி நிற்கிறது. மின்சார கார் வாங்கலாம் என்றால் அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஜர் வைக்கச் சங்கம் சம்மதிக்க வேண்டும். டீசலுக்கோ எதிர்காலம் தெரியவில்லை. இந்த மூன்றுக்கும் நடுவே, ‘சார்ஜ் போட வேண்டாம், மைலேஜ் மட்டும் இரட்டிப்பு’ என்று வந்து நிற்கிறது ஹைபிரிட். 2022-ல் ஹோண்டா சிட்டி, டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, அடுத்து இன்னோவா ஹைகிராஸ், 2025-ல் மாருதி விக்டோரிஸ் என்று வரிசை நீண்டுவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இப்போது இதுதான் பேச்சு: “ஹைபிரிட் எடுத்தா லாபமாமே?”

சிக்னலில்தான் சம்பாத்தியம்

ஹைபிரிட் காரில் பெட்ரோல் இன்ஜினும் உண்டு, மின் மோட்டாரும் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறிய பேட்டரி. பிரேக் போடும்போது சாதாரண காரில் வெப்பமாக வீணாகும் ஆற்றலின் ஒரு பகுதியை மோட்டார் மின்சாரமாக மாற்றிப் பேட்டரியில் சேர்க்கிறது. மெதுவாக நகரும்போது அந்த மின்சாரத்திலேயே கார் ஓடுகிறது. சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் முழுதாக அணைந்துவிடும். ஏ.சி. மட்டும் மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் விற்பனைக்கு வந்தபோது இருந்த அடிப்படைதான் இன்றும்.

ஆக, இந்த காருக்கு நெரிசல்தான் தீனி. வடபழனி சிக்னலிலும் கத்திப்பாராவிலும் மத்திய கைலாஷிலும் ஊர்ந்து ஊர்ந்து போகிறவருக்கு அது மிச்சம் பிடித்துத் தரும். சாதாரண பெட்ரோல் ஆட்டோமேட்டிக் எஸ்.யூ.வி. அந்த நெரிசலில் லிட்டருக்கு 11, 12 கொடுத்தாலே பெரிய விஷயம். அதே பாதையில் அதே அளவுள்ள ஹைபிரிட் 20-ஐத் தொடும்.

நெடுஞ்சாலையில் கதை மாறுகிறது. செங்கல்பட்டு சுங்கச்சாவடி தாண்டி 100 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது பிரேக்குக்கு வேலையில்லை. திரும்பக் கிடைக்கும் ஆற்றலும் இல்லை. இன்ஜின்தான் முழுச் சுமையையும் இழுக்கிறது. அங்கே சாதாரண பெட்ரோல் காரும் 16, 17 கொடுக்கும். ஹைபிரிட் 20-லேயே நிற்கும். இடைவெளி சுருங்கிவிடுகிறது.

விளம்பரத்தில் வரும் 27.97 எங்கிருந்து வந்தது? அது ஆய்வகத்தில், உருளைகள் மேல் காரை ஓட்டி, 90 கி.மீ.க்கு மேல் போகாத ஒரு குறிப்பிட்ட ஓட்டமுறையில் அளந்தது. சித்திரை வெயிலில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யை முழுதாக வைத்துக்கொண்டு ஓட்டினால் வராது. கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் கார்களின் ஹைபிரிட் பேட்டரி 0.76 கிலோவாட் மணி கொள்ளளவுதான். ஒரு யூனிட் மின்சாரம்கூட இல்லை. நெரிசலில் நீண்ட நேரம் ஏ.சி. ஓடினால் அது தீர்ந்து, நின்ற இடத்திலேயே இன்ஜின் தானாக உயிர்பெற்றுப் பெட்ரோலை எரிக்கத் தொடங்கிவிடும்.

---
பெட்டிச் செய்தி: பெயரில் ஏமாறாதீர்கள்!

‘ஹைபிரிட்’ என்று பின்புறம் எழுதியிருந்தால் எல்லாமே ஹைபிரிட் ஆகிவிடாது.

மைல்டு ஹைபிரிட்: இன்ஜினுக்குச் சிறிய உதவி மட்டும். மின்சாரத்தில் தனியாக ஓடாது. மைலேஜில் கிடைக்கும் லாபம் சொற்பம். மாருதியின் பல பெட்ரோல் கார்களில் இருப்பது இதுதான். கிராண்ட் விட்டாராவின் சாதாரண பெட்ரோல் மாடலும் இந்த வகையே.

ஸ்ட்ராங் ஹைபிரிட்: மின்சாரத்தில் மட்டும் குறைந்த தூரம் ஓடக்கூடியது. வெளியிலிருந்து சார்ஜ் போட முடியாது, தேவையும் இல்லை. இந்தக் கட்டுரை பேசுவது இதைப் பற்றி மட்டும்.

பிளக்-இன் ஹைபிரிட்: பெரிய பேட்டரி. வீட்டில் சார்ஜ் போடலாம். நடுத்தரக் குடும்பம் வாங்கும் விலையில் இந்தியாவில் இன்னும் இல்லை.

---

எதோடு ஒப்பிடுகிறீர்கள்?

ஷோரூமில் கால்குலேட்டரை எடுத்ததும் பிரதிநிதி ஒப்பிடுவது பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கோடு. ஹைபிரிட் எல்லாமே கியர் மாற்றத் தேவையில்லாத வண்டிகள் என்பதால் அது நியாயம் போலத் தெரியும். ஆனால் நீங்கள் இதுவரை கியர் வண்டிதான் ஓட்டியிருக்கிறீர்கள், இனியும் அதுவே போதும் என்றால், ஒப்பிட வேண்டியது அந்த மேனுவல் காரின் விலையோடு.

கிராண்ட் விட்டாரா 2022 செப்டம்பரில் அறிமுகமானபோது இருந்த எக்ஸ்-ஷோரூம் விலைகளைப் பார்த்தால் இது பளிச்செனப் புரியும். ஸீட்டா வேரியன்ட்டில் மேனுவல் 13.89 லட்சம். ஸீட்டா ஆட்டோமேட்டிக் 15.39 லட்சம். ஸீட்டா பிளஸ் ஹைபிரிட் 17.99 லட்சம். ஆட்டோமேட்டிக்கிலிருந்து பார்த்தால் கூடுதல் 2.60 லட்சம். மேனுவலிலிருந்து பார்த்தால் 4.10 லட்சம். இன்றைய விலைகள் மாறியிருக்கலாம். இந்தப் படிக்கட்டு மாறவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் ஹைபிரிடை மேல்தட்டு வேரியன்ட்களில்தான் தருகின்றன. இன்னோவா ஹைகிராஸில் கீழ்வரிசை பெட்ரோலோடு நின்றுவிடுகிறது, வி.எக்ஸ். தொட்டுத்தான் ஹைபிரிட் தொடங்குகிறது. மைலேஜுக்காக வாங்கப் போனவர் பெரிய திரைக்கும் அலங்கார விளக்குகளுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு வருகிறார். அந்த வசதிகளை விரும்பி வாங்குவதில் தவறே இல்லை. அந்தச் செலவைப் பெட்ரோல் மிச்சம் ஈடுகட்டிவிடும் என்று நம்பி வாங்குவதுதான் சிக்கல்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

பெட்ரோல் ஆட்டோமேட்டிக்குக்கும் ஹைபிரிடுக்கும் எக்ஸ்-ஷோரூம் வித்தியாசம் இரண்டரை லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையுள்ள காருக்குச் சாலை வரி 18 சதவிகிதம். வித்தியாசத்துக்கும் அந்த வரி உண்டு, 45,000 ரூபாய். ஆக, கையிலிருந்து கூடுதலாகப் போவது 2.95 லட்சம்.

பெட்ரோல் 101 ரூபாய். நகரத்துக்குள் பெட்ரோல் கார் 12, ஹைபிரிட் 20. அப்படியானால் கிலோமீட்டருக்குப் பெட்ரோல் காரில் 8.42 ரூபாய், ஹைபிரிடில் 5.05 ரூபாய். மிச்சம் 3.37 ரூபாய். நெடுஞ்சாலையில் 17-க்கு 20 என்றால் மிச்சம் 89 காசு.

---
பெட்டிச் செய்தி: போட்ட பணம் எப்போது திரும்பும்?

(கூடுதல் செலவு 2.95 லட்சம், ரொக்கமாக வாங்கினால்)

முழுக்க நகர ஓட்டம்: சுமார் 88,000 கி.மீ.
பாதி நகரம், பாதி நெடுஞ்சாலை: சுமார் 1.39 லட்சம் கி.மீ.
முழுக்க நெடுஞ்சாலை: சுமார் 3.3 லட்சம் கி.மீ.

நகர ஓட்டத்தில் மட்டும்:
ஆண்டுக்கு 8,000 கி.மீ. என்றால் 11 ஆண்டுகள்
12,000 கி.மீ. என்றால் 7 ஆண்டுகளுக்குச் சற்று மேல்
20,000 கி.மீ. என்றால் சுமார் நாலரை ஆண்டுகள்

---

இது ரொக்கம் கொடுத்து வாங்குகிறவருக்கான கணக்கு. பெரும்பாலோர் கடனில்தான் வாங்குகிறோம். அந்த 2.95 லட்சத்தையும் 9 சதவிகித வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 6,100 ரூபாயைத் தாண்டும். மொத்தம் கட்டுவது 3.67 லட்சம். நகர ஓட்டத்திலேயே பணம் திரும்ப 1.09 லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும். கடன் வாங்காமல் சேமிப்பிலிருந்து எடுக்கிறவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதே பணத்தை 6.5 சதவிகித வைப்பு நிதியில் போட்டிருந்தால் ஆண்டுக்கு 19,000 ரூபாய் வட்டி வந்திருக்கும். ஆண்டுக்கு 12,000 கி.மீ. நகரத்தில் ஓட்டி அவர் மிச்சம் பிடிக்கும் 40,000 ரூபாயில் ஏறக்குறைய பாதியை இந்த இழந்த வட்டி தின்றுவிடுகிறது.

“பெட்ரோல் விலை ஏறும் சார், அப்ப பாருங்க” என்பார்கள். ஏறட்டும். 10 ரூபாய் ஏறி 111 ஆனாலும் நகர ஓட்டத்தில் பணம் திரும்பும் தூரம் 88,000-லிருந்து 80,000 கிலோமீட்டருக்குத்தான் இறங்குகிறது. ஆனால் உங்கள் ஓட்டத்தில் பாதி நெடுஞ்சாலைக்கு மாறினால் அதே தூரம் 1.39 லட்சத்துக்குத் தாவிவிடுகிறது. பெட்ரோல் விலையைவிட, நீங்கள் ஓட்டும் சாலைதான் தீர்மானிக்கிறது.

ஷோரூமில் பார்த்த அந்தக் குடும்பத்துக்கு வருவோம். ஆறு ஆண்டில் 51,000 என்றால் ஆண்டுக்கு 8,500 கிலோமீட்டர். அதிலும் பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் ஊருக்குப் போய்வந்த நெடுஞ்சாலைத் தூரம் கணிசமாக இருக்கும். அவர்கள் ஹைபிரிட் வாங்கினால் சத்தமில்லாத, சுகமான கார் கிடைக்கும். பணம் மிச்சமாகாது. இதை அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மாறாக, அண்ணா நகரிலிருந்து சிறுசேரிக்குத் தினமும் காரில் போய்வரும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை நாட்களில் மட்டுமே ஆண்டுக்கு 18,000, 20,000 கிலோமீட்டர் வந்துவிடும். பெரும்பகுதி ஊர்ந்து போகும் ஓட்டம். அவர்களுக்கு ஆண்டுக்கு 60,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஐந்தாவது ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பி, அதற்குப் பிறகு ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் லாபம்தான். இவர்கள் யோசிக்காமல் வாங்கலாம்.

மாநில எல்லையில் மாறும் விடை

ஹைபிரிட் காரின் கணக்கை பெட்ரோல் பங்க் பாதி எழுதுகிறது என்றால் மீதியை அரசாங்கம் எழுதுகிறது. அந்த எழுத்து அடிக்கடி மாறியிருக்கிறது.

2015-ல் மத்திய அரசின் ஃபேம் திட்டம் ஹைபிரிடுக்கு மானியம் கொடுத்தது. மைல்டு ஹைபிரிடுக்கும்கூட. 2017 ஏப்ரலில் மைல்டு ஹைபிரிடுக்கான மானியம் போனது. அதே ஆண்டு ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, சுமார் 30 சதவிகிதமாக இருந்த ஹைபிரிட் மீதான மொத்த வரி 28 சதவிகித ஜி.எஸ்.டி., 15 சதவிகித செஸ் என்று 43 சதவிகிதமானது. மின்சார காருக்கான வரியோ 2019-ல் 5 சதவிகிதத்துக்கு இறங்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் நீங்கி, பெரிய பெட்ரோல் காருக்கும் பெரிய ஹைபிரிடுக்கும் ஒரே மாதிரி 40 சதவிகிதம். முன்பு நடுத்தர அளவு பெட்ரோல் காரைவிட இரண்டு சதவிகிதமாவது குறைவாக இருந்தது. அந்தச் சலுகையும் இப்போது இல்லை.

மத்திய அமைச்சர் நிதின் கட்கரி ஹைபிரிடுக்கு வரியைக் குறைக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசிவந்தவர். டொயோட்டா, மாருதி, ஹோண்டா மூன்றும் அதையே கேட்டன. மின்சார காரில் பெரும் முதலீடு செய்துவிட்ட டாடா, மஹிந்திரா போன்றவை எதிர்த்தன. அவரவர் நியாயம் அவரவருக்கு. இந்த இழுபறியில் வாடிக்கையாளர் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

இதன் விளைவைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் உத்தரப் பிரதேசத்தைப் பார்க்கலாம். 2024 ஜூலையில் அந்த மாநிலம் ஸ்ட்ராங் ஹைபிரிடுக்குப் பதிவு வரியை முழுவதுமாகத் தள்ளுபடி செய்தது. அப்போது அங்கே 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வரி 10 சதவிகிதமாக இருந்தது. 15.5 லட்சம் பெட்ரோல் கார் வாங்கியவர் 1.55 லட்சம் வரி கட்டினார். 18 லட்சம் ஹைபிரிட் வாங்கியவர் ஒன்றுமே கட்டவில்லை. இரண்டரை லட்சமாக இருந்த வித்தியாசம் 95,000 ஆகச் சுருங்கியது. சென்னையில் 88,000 கிலோமீட்டர் ஓடினால் திரும்பும் பணம், அந்தச் சலுகையில் லக்னோவில் வாங்கியவருக்கு சுமார் 30,000 கிலோமீட்டரிலேயே திரும்பிவிடும். அதே கார், அதே இன்ஜின்!

தமிழ்நாட்டில் நிலைமை நேர்மாறு. 2023 நவம்பரில் சாலை வரி உயர்ந்தது. 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவிகிதம். மின்சார காருக்கு முழு விலக்கு கொடுத்த மாநிலம் இது. ஹைபிரிடுக்கு அப்படி ஒரு விலக்கு இல்லை. விலை கூடுதல் என்பதாலேயே ஹைபிரிட் வாங்குகிறவர் கூடுதல் வரியும் கட்டுகிறார். 20 லட்சம் என்ற கோட்டருகே இது இன்னும் வலிக்கும். 19.90 லட்சம் காருக்கு வரி 3.58 லட்சம். விலை 20,000 ரூபாய் கூடி 20.10 லட்சம் ஆனால் வரி 4.02 லட்சம். மேலே ஏறிய இருபதாயிரத்துக்காக வரியில் மட்டும் 44,000 ரூபாய் கூடுகிறது. ஹைபிரிட்களின் மேல்வரிசை பலவும் இந்தக் கோட்டைச் சுற்றித்தான் நிற்கின்றன. வாங்கும் முன் எக்ஸ்-ஷோரூம் விலை எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டில் ஒரு சலுகை உண்டு. 2022 முதல் மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தில் ஹைபிரிடுக்கு 7.5 சதவிகிதத் தள்ளுபடி. 1,000 முதல் 1,500 சி.சி. காருக்கு அந்தக் கட்டணம் ஆண்டுக்கு 3,416 ரூபாய். தள்ளுபடி 256 ரூபாய். காரின் விலை அதிகம் என்பதால் சொந்தச் சேதக் காப்பீட்டில் அதைவிடப் பல மடங்கு கூடுதலாகக் கட்டுவீர்கள்.

பேட்டரி என்ற பயம்

ஷோரூமில் அந்த அம்மா கேட்ட கேள்விக்கு முழுப் பதில் வரவில்லை. இங்கே ஹைபிரிட் விற்கும் டொயோட்டா, மாருதி, ஹோண்டா மூன்றுமே ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1.60 லட்சம் கிலோமீட்டர் வாரன்டி தருகின்றன. எது முதலில் வருகிறதோ அது. இது நல்ல வாரன்டிதான். அதற்குள் பேட்டரி செத்துப்போகும் என்று பயப்படத் தேவையில்லை. இந்த பேட்டரி முழுதாக நிரம்புவதும் இல்லை, முழுதாகக் காலியாவதும் இல்லை. நடுவிலேயே வைத்து ஓட்டும்படி கணினி பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் உலகின் பல நகரங்களில் பழைய பிரியஸ்கள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் டாக்சியாக ஓடின.

பிறகு என்ன நடக்கும் என்பதை அறியப் பக்கத்து நாட்டுக்குப் போக வேண்டும். இலங்கையில் ஜப்பானிலிருந்து வந்த பிரியஸ், அக்வா, ஃபிட், வெசல் என்று பழைய ஹைபிரிட்கள் ஊரெங்கும் ஓடுகின்றன. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஹைபிரிட் வாங்குவது புதுமையே இல்லை. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது; தனியார் வாகனங்களுக்கு 2025-ல்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இருப்பதைக் கொண்டே ஓட்டியாக வேண்டிய நிலை. ஹைபிரிட் பேட்டரி பழுதுபார்ப்பு அங்கே ஒரு தனித் தொழிலாக வளர்ந்து நிற்கிறது. பழைய அக்வா, பிரியஸ் பேட்டரிகள் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு வகை. வரிசையாக அடுக்கிய சிறு தொகுதிகள். மெக்கானிக் பேட்டரியைக் கழற்றி, ஒவ்வொரு தொகுதியாக அளந்து பார்த்து, சோர்ந்துபோனதை மட்டும் மாற்றுவார். முழு பேட்டரியைவிடச் செலவு மிகக் குறைவு. ஆனால் புதியதும் பழையதும் கலந்த அடுக்கு சமமாக உழைக்காது; சில மாதங்களில் அடுத்த தொகுதி படுத்துவிடும் வாய்ப்பு அதிகம். இந்த வைத்தியத்தின் வரம்பு அது.

இந்தியாவில் அந்தக் கட்டம் இன்னும் வரவில்லை. சிட்டி, ஹைரைடர், கிராண்ட் விட்டாராவில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. வெளி மெக்கானிக்குகள் அதற்குப் பழகக் காலம் பிடிக்கும். ஆகவே வாங்கும்போதே, பேட்டரியின் இன்றைய விலை, மாற்றும் கூலி இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கும் டீலரிடம் காரைப் பற்றி வேறு எதையும் நம்பி வாங்காதீர்கள்.

பராமரிப்பில் ஹைபிரிடுக்குச் சில அனுகூலங்கள் உண்மையாகவே உண்டு. டொயோட்டா வகையில் கிளட்ச் பிளேட் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை. வேகத்தைக் குறைக்கும் வேலையில் பாதியை மோட்டாரே செய்துவிடுவதால் பிரேக் பேடுகள் சாதாரண காரைவிட நெடுநாள் வருகின்றன.

ஆனால் கண்ணில் படாத ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. பல ஹைபிரிட்களில் பேட்டரியைக் குளிரூட்டக் காருக்குள் இருக்கும் காற்றையே இழுக்கிறார்கள். பின் சீட்டுப் பக்கம் சின்னதாக ஒரு ஜன்னல் போன்ற வலை, அதற்குள் ஒரு வடிகட்டி. நம் வீடுகளில் பின் சீட்டு என்பது துணிப்பை, ஸ்கூல் பேக், காய்கறிப் பை எல்லாம் ஏறும் இடம். வலையை அடைத்துப் பையை வைத்துவிட்டு மதுரை வரை ஓட்டினால் பேட்டரி மூச்சுத் திணறும். வடிகட்டியில் தூசி படிந்து பஞ்சாக அடைத்துக்கொண்டாலும் அதேதான். பேட்டரிக்கு வெப்பம்தான் முதல் எதிரி. சர்வீஸ் விடும்போதெல்லாம் அந்த வடிகட்டியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. வெள்ளம். 2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எத்தனை கார்கள் நீரில் நின்றன என்பதை மறக்க முடியாது. மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தும் வழக்கம் 2015 வெள்ளத்துக்குப் பிறகு வந்ததுதான். டிக்கித் தளத்தை ஒட்டியோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும் பேட்டரிக்குள் தண்ணீர் போனால் அந்த 8 ஆண்டு வாரன்டி கை கொடுக்காது. வெள்ளச் சேதம் வாரன்டிக்கு வெளியே. காப்பீட்டில் ஹைபிரிட் பாகங்களுக்கான கூடுதல் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். தாழ்வான பகுதியில் குடியிருப்பவருக்கு அந்தப் பிரீமியம் வீண் செலவே இல்லை.

போட்டியில் நிற்கும் மற்றவை

பணத்தை மட்டுமே பார்ப்பவர் சி.என்.ஜி.யையும் பார்த்துவிட வேண்டும். சென்னையில் கிலோ சுமார் 90 ரூபாய். நகரத்தில் கிலோவுக்கு 20 கி.மீ. கிடைத்தால் கிலோமீட்டருக்கு நாலரை ரூபாய். ஹைபிரிடைவிடக் குறைவு. கூடுதல் விலையும் குறைவு. பல கார்களில் டிக்கி போய்விடும், பெரும்பாலும் கியர் வண்டிதான் கிடைக்கும், பங்கில் வரிசையில் நிற்க வேண்டும். அதைப் பொறுத்துக்கொள்பவருக்கு இதுதான் சிக்கனம்.

சொந்த வீடும் நிறுத்துமிடமும் இருப்பவருக்கு மின்சார கார் வேறு கணக்கு. யூனிட் 10 ரூபாய் என்றே வைத்து, ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ. ஓடினால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்கூட ஆகாது. ஹைபிரிடின் ஐந்து ரூபாய் அதன் பக்கத்திலேயே வர முடியாது. தினமும் நகரத்துக்குள் அதிகம் ஓட்டுபவருக்குத்தான் ஹைபிரிட் லாபம் என்று பார்த்தோம். மின்சார கார் அதிக லாபம் தருவதும் அதே மனிதருக்குத்தான். ஆக, ஹைபிரிட் உண்மையில் பொருந்துவது ஒரு குறுகிய வட்டத்துக்கு: நகரத்தில் நிறைய ஓட்ட வேண்டும், ஆனால் வீட்டில் சார்ஜ் போட வழியில்லை. அடுக்குமாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் ஐ.டி. ஊழியர், வெளியூர் வேலையும் உள்ளூர் அலைச்சலும் கலந்த மருந்துப் பிரதிநிதி, ஊருக்குள்ளேயே நாள் முழுக்கச் சுற்றும் சிறு வியாபாரி.

சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை

இந்தக் கணக்கைப் போடப் போட ஓர் ஆதங்கம் எழுகிறது. நகரத்தில் மிக அதிகமாக ஓடும் கார் எது? டாக்சி. நாளெல்லாம் சிக்னலுக்கு சிக்னல் நின்று நின்று, ஆண்டுக்கு 50,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு டாக்சிக்கு, நம் கணக்குப்படி ஹைபிரிடால் ஆண்டுக்கு 1.68 லட்சம் ரூபாய் மிச்சமாகும். இரண்டே ஆண்டுக்குள் கூடுதல் விலை திரும்பிவிடும். ஒரு டிரைவர் குடும்பத்துக்கு அது பிள்ளைகளின் படிப்புச் செலவு.

ஆனால் டாக்சியாக ஓடும் விலையில், அந்த அளவில் ஒரு ஸ்ட்ராங் ஹைபிரிட் இந்தியச் சந்தைக்கு வரவேயில்லை. வரியில் இடம் இருக்கிறது. 2025 செப்டம்பர் மாற்றத்தின்படி நான்கு மீட்டருக்குள், 1,200 சி.சி.க்குள் இருக்கும் பெட்ரோல் ஹைபிரிடுக்கு 18 சதவிகிதம்தான் ஜி.எஸ்.டி. அந்தப் பெட்டிக்குள் வைக்கக் கார்தான் இல்லை. தொழில்நுட்பம் மிக அதிகம் மிச்சம் பிடிக்கக்கூடிய வண்டியை விட்டுவிட்டு, வார இறுதியில் மகாபலிபுரம் போய்வரும் எஸ்.யூ.வி.யில் அதைப் பொருத்தி விற்கிறோம். சிறிய காருக்கேற்ற ஹைபிரிட் அமைப்பை மாருதி உருவாக்கிவருவதாகச் செய்திகள் வருகின்றன. அது வந்தால், இன்று சொன்ன கணக்கு முழுவதையும் திருப்பிப் போட வேண்டியிருக்கும். காத்திருக்க முடிந்தவர்கள் காத்திருக்கலாம்.

பழைய ஹைபிரிட் வாங்கலாமா?

காத்திருக்க முடியாதவருக்கு ஒரு நடுவழி இருக்கிறது. புது ஹைபிரிடின் கூடுதல் விலையும் கூடுதல் சாலை வரியும் முதல் உரிமையாளரின் தலையில் விழுந்தவை. மூன்றாண்டு ஓடிய காரை வாங்குகிறவருக்கு அந்தச் சுமையில் கணிசமான பகுதி கழிந்துவிடுகிறது. பேட்டரி வாரன்டியில் ஐந்தாண்டு மிச்சம் இருக்கும். 2022, 2023-ல் விற்ற ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, சிட்டி கார்கள் இப்போது செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வரத் தொடங்கியிருக்கின்றன.

வாங்கும் முன் மூன்றைப் பாருங்கள். பேட்டரி வாரன்டி உங்கள் பெயருக்கு மாறுமா என்று நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் காரின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லா சர்வீஸும் கம்பெனியிலேயே நடந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று விடுபட்டிருந்தாலும் வாரன்டி தகராறு வரலாம். மூன்றாவதாக, கிலோமீட்டர். மூன்றாண்டில் 1.20 லட்சம் ஓடிய காருக்கு வருடத்தைப் பார்த்தால் ஐந்தாண்டு வாரன்டி மிச்சம் இருப்பது போலத் தெரியும். உண்மையில் மிச்சம் 40,000 கிலோமீட்டர்தான்.

2022-ல் வாங்கிய முதல் வரிசை கார்களுக்கு 2030-ல் எட்டாண்டு முடிகிறது. அப்போது விற்கப் போகிறவர்கள், 2029-லேயே விற்றுவிடுவது நல்லது. வாரன்டியோடு இருக்கும் பேட்டரிக்கு வாங்குகிறவர் கொடுக்கும் விலை வேறு. அது முடிந்த மறுநாள் பேசும் விலை வேறு.